தையற்கடைக்கு எந்த ஃபேஷன் பத்திரிகை வாங்கலாம்?

வருஷத்துக்கு ஒரே ஒரு ஃபேஷன் பத்திரிகைக்குத்தான் காசு ஒதுக்க முடியும் என்றால், ஒரு தையற்கடை எதை வாங்க வேண்டும்? மன்னார்குடியில் பொட்டிக் திறக்கப்போகும் என் நாத்தனார் மகள் கேட்டது இதைவிடச் சின்னக் கேள்வி: "வோக் சந்தா கட்டிடட்டுமா அத்தை?" ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் கும்பகோணம், மாயவரம், திருவாரூர், பட்டுக்கோட்டை என்று டெல்டா முழுக்கப் புதிதாகக் கடை போடும் பெண்கள் நிறையப் பேர் இதே யோசனையில்தான் இருக்கிறார்கள். ஃபேஷன் டிசைனிங் டிப்ளமோ முடித்திருப்பார்கள். இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக் இருக்கும். வருகிற வேலையில் முக்கால்வாசி பட்டுப்புடவை பிளவுஸ். மிச்சம் சுடிதார், குர்தி, குழந்தைகளுக்குப் பாவாடை சட்டை. அந்த மாதிரிக் கடையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். சென்னை டிசைனர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்ப்பதற்கு மட்டும் உதவும் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், அதைப் பார்க்க வேறு வழிகள் இருக்கின்றன. காசு போக வேண்டியது, துணியை எப்படி வெட்டுவது என்று காட்டும் பத்திரிகைக்கு. கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் புரட்ட ஒன்று வேண்டும் என்பது மூன்றாவது விஷயம், அதைத் தனியாகப் பார்க்கலாம். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வோக் சந்தா கட்டலாமா என்ற கேள்வியே வருகிறது.

வெட்டுத்தாள் எங்கே போனது?

ஃபேஷன் பத்திரிகை என்றால் வழவழத் தாளில் ஒல்லியான பெண்கள் நிற்கும் படங்கள் என்றுதான் இப்போது நினைப்பு. ஆரம்பத்தில் அப்படி இல்லை. அமெரிக்காவில் ஹார்பர்ஸ் பஜார் 1867-ல் வார இதழாகத் தொடங்கியபோது, பெர்லினில் வந்துகொண்டிருந்த 'டெர் பஜார்' என்ற ஜெர்மன் இதழைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டது. படங்களோடு ஒரு பெரிய தாளும் மடித்து வரும். அதில் பல உடுப்புகளின் வெட்டுக்கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அச்சாகியிருக்கும். வேண்டியதை மட்டும் பிரதி எடுத்து வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். வோக் 1892-ல் நியூயார்க் மேல்தட்டுக்காரர்களுக்கான வார இதழாகத் தொடங்கியது. அதுகூட 1899-லேயே பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான மாதிரி, தர ஆரம்பித்துவிட்டது. 1909-ல் கான்டே நாஸ்ட் என்ற பதிப்பாளர் அதை வாங்கினார், பத்திரிகை கடல் தாண்டியது. பிரிட்டிஷ் வோக் 1916-ல் வந்தது, பிரெஞ்சு வோக் 1920-ல். பேட்டர்ன் தொழிலை மட்டும் 1961-ல் பட்டரிக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

ஆக, நமக்கு வேண்டிய பகுதியைத்தான் அவர்கள் கழற்றி விற்றிருக்கிறார்கள். மிஞ்சியது படமும் விளம்பரமும். அமெரிக்க வோக்கின் 2012 செப்டம்பர் இதழ் 916 பக்கம், அதில் 658 பக்கம் விளம்பரம். விளம்பரத்தைக் குறை சொல்லவில்லை. அந்தப் படங்களிலும் நல்ல நிறச் சேர்க்கை கிடைக்கும். ஆனால் ஒரு தையற்காரி அந்தத் தாளிலிருந்து ஒரு கைக்குழி அளவைக்கூட எடுக்க முடியாது.

செப்டம்பர் இதழ் என்றதும் இன்னொன்று. அவர்களுக்கு அதுதான் வருஷத்தின் பெரிய இதழ், குளிர் வரப்போகிறது, கோட்டும் கம்பளியும் பூட்ஸுமாக இருக்கும். நமக்கோ அது ஆவணி முகூர்த்தங்கள் ஓய்ந்து புரட்டாசி பிறக்கிற நேரம். குறுவை அறுத்த காசு கைக்கு வரும், தீபாவளித் துணி கட்டுக்கட்டாகக் கடைக்கு வரும், நெற்றி வியர்வை துணியில் சொட்டாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலையாக இருக்கும். அந்த நேரத்தில் கம்பளிக் கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வோக், எல், பஜார்: இந்தியப் பதிப்புகள்

இந்தியப் பதிப்புகள் அந்த அளவுக்கு அந்நியம் இல்லை. எல் 1996-ல் இங்கே வந்தது. வோக் இந்தியாவின் முதல் இதழ் 2007 அக்டோபரில். அட்டையில் ஜெம்மா வார்ட் என்ற ஆஸ்திரேலிய மாடலோடு பிபாஷா பாசுவும் பிரியங்கா சோப்ராவும் இருந்தார்கள். ஹார்பர்ஸ் பஜார் 2009-ல். மூன்றிலும் கல்யாண உடைகளுக்கு நல்ல இடம் உண்டு. லெஹங்காதான் அதிகம், புடவை வரும், காஞ்சிபுரம் வரும். திருபுவனம் பட்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது, கும்பகோணத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நெய்வது, அதைத் தேடிக்கொண்டு நீங்கள் இந்த இதழ்களைப் புரட்டினால் ஏமாற்றம்தான். மாயவரத்துக் கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்த கூறைப்புடவைக்கும் அதே கதி.

இந்த மூன்றுக்குள் எது என்று கேட்டால், கடைக்கு எல் பரவாயில்லை என்பேன். பிரான்சில் 1945-ல், போர் முடிந்த கையோடு, எலென் கோர்டன் லாசரெஃப் தொடங்கிய இதழ் அது. நாலு பேர் தினமும் உடுத்தக்கூடியதைக் காட்ட வேண்டும் என்ற பழக்கம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வோக்கில் இருப்பது ஒரு கனவு. பஜார் வடிவமைப்பில் அழகு. 1934 முதல் 1958 வரை அமெரிக்கப் பஜாரின் கலை இயக்குநராக இருந்த அலெக்ஸி பிரோடோவிட்ச் பக்கத்தில் வெள்ளை இடம் விடுவதை ஒரு கலையாகவே ஆக்கிவிட்டுப் போனார். கடை விளம்பர போர்டையும் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் எப்படி அமைப்பது என்று கற்க வேண்டுமானால் பஜாரின் பழைய பக்கங்களைப் பாருங்கள். நம் ஊர் பிளக்ஸ் போர்டில் ஒரு அங்குலம் காலி இடம் இருந்தால் அங்கே ஒரு போன் நம்பர் போட்டுவிடுவார்கள், அதனால் சொல்கிறேன்.

மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று இருக்கிறது. படம் முன்பக்கம் மட்டும்தான். பிளவுஸுக்கு முதுகுதான் முகம், கழுத்து டிசைன் எல்லாம் அங்கேதான். பத்திரிகையில் அதைப் பார்க்க முடியாது. அதோடு, படப்பிடிப்பில் உடை உடம்போடு ஒட்டி நிற்பதற்காகப் பின்னால் கிளிப் போட்டு இழுத்திருப்பார்கள். அந்தப் படத்தைக் காட்டி "இதே ஃபிட்டிங் வேணும்க்கா" என்று ஒரு பெண் நிற்கும்போது, கிளிப் இல்லாமல் அதைக் கொண்டுவருவது உங்கள் பாடு.

புர்டா

இப்போது நான் பரிந்துரைக்கும் இதழுக்கு வருகிறேன். ஜெர்மனியில் ஓஃபன்பர்க் என்ற ஊரில் 1950 ஜனவரியில் 'புர்டா மோடன்' வந்தது. ஆரம்பித்தவர் ஏன்னே புர்டா. அவர் கணவர் பதிப்பாளர். தன் காதலி ஒருத்திக்கு ஒரு ஃபேஷன் பத்திரிகை நடத்தப் பணம் கொடுத்திருந்தார். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா அழுதுகொண்டு உட்காரவில்லை, பத்திரிகையையே தன் கைக்கு எடுத்துக்கொண்டார். 1952 முதல் இதழோடு வெட்டுத்தாள் சேர்ந்தது. போருக்குப் பிறகு கடையில் நல்ல துணிமணி கிடைக்காத, கிடைத்தாலும் வாங்க முடியாத ஜெர்மன் பெண்கள் வீட்டிலேயே தைத்துக்கொண்டார்கள். 1987-ல் சோவியத் யூனியனுக்குள் அச்சாக அனுமதிக்கப்பட்ட முதல் மேற்கத்தியப் பத்திரிகையும் இதுதான். அங்கேயும் அதே கதை, கடையில் துணி இல்லை, வீட்டில் மெஷின் இருந்தது. இப்போது இதன் பெயர் புர்டா ஸ்டைல், ஆங்கிலப் பதிப்பு உண்டு.

நடுவில் மடித்து வரும் வெட்டுத்தாளை முதல்முறை விரித்தால் தலை சுற்றும். ரயில்வே யார்டு மாதிரி கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சைக் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு ஓடும். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு உடுப்புக்கும் எந்தத் தாள், எந்த நிறம், எந்தெந்தத் துண்டு எண்கள் என்று குறிப்பில் இருக்கும். அந்த நிறத்தை மட்டும் விரலால் பிடித்துக்கொண்டு, மேலே பட்டர் பேப்பர் விரித்துப் பிரதி எடுக்க வேண்டும். கண்ணாடி போட்ட கட்டிங் டேபிளாக இருந்தால் கீழே ஒரு டியூப் லைட்டை வைத்துக்கொள்ளுங்கள், வேலை பாதியாகும்.

பிரதி எடுத்ததும் நேரே துணியில் வைத்து வெட்டிவிடக் கூடாது. நம் கடைகளில் அடிக்கடி தவறுவது இங்கேதான். புர்டா பத்திரிகையின் கோடுகளில் தையலுக்கு விடும் ஓரம் சேர்ந்திருக்காது. கோடுதான் தையல் விழும் இடம். அவர்கள் சொல்வது சுற்றி 1.5 சென்டிமீட்டர் விடு, கீழ் மடிப்புக்கு 4 சென்டிமீட்டர் விடு என்று. நமக்கு அது போதாது. கல்யாணப் பட்டு பிளவுஸ் என்றால் வளைகாப்புக்கும் பிரிக்க வேண்டும், குழந்தை பிறந்த பிறகும் பிரிக்க வேண்டும். பக்கத்தில் ஒன்றரை இன்ச் உள்தையல் விட்டுத்தான் நம் ஊரில் வெட்டுவோம். அதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் அளவு. புர்டாவின் 38-ஆம் சைஸ் மார்புச் சுற்றளவு 88 சென்டிமீட்டர், நம் டேப்பில் 34½ இன்சுக்குக் கொஞ்சம் மேல். அது ஒத்துப்போகும். ஒத்துப்போகாதது உயரம். அவர்களின் சாதாரண சைஸ்கள் 168 சென்டிமீட்டர் உயரப் பெண்ணை வைத்துப் போட்டவை, ஐந்தரை அடி. நம்மிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் அதைவிடக் குள்ளம். மார்பு சரியாக இருக்கிறதே என்று அப்படியே வெட்டினால் கைக்குழி கீழே இறங்கும், டாட் (மார்பு வளைவுக்காகத் துணியை மடித்துத் தைப்பது) முனை இடம் தவறும், இடுப்புக் கோடு இடுப்புக்குக் கீழே போய் நிற்கும். 160 சென்டிமீட்டருக்கான குட்டை சைஸ்களும் அவர்களிடம் தனியாக உண்டு, 17 முதல் 21 வரை எண் போட்டு வரும். அந்த வரிசை கிடைத்தால் எடுங்கள். இல்லாவிட்டால் அளவு பிளவுஸை மேலே வைத்து, தோளிலிருந்து டாட் முனை வரைக்கும், டாட் முனையிலிருந்து இடுப்பு வரைக்கும் தனித்தனியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் மொத்தத்தையும் மடிக்கக் கூடாது.

சரி, ஜெர்மன்காரர்கள் பிளவுஸே போடுவதில்லையே, எதற்கு இவ்வளவு பாடு? கைக்காக. புர்டாவில் கை டிசைன்கள் ஏராளம். பஃப், பிஷப், பெல், டூலிப் என்று ஒவ்வொன்றுக்கும் முழு வெட்டு இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் பட்டுப்புடவை பிளவுஸில் வைக்க முடியாது. புடவையோடு சேர்ந்தே வரும் பிளவுஸ் துணியில் கரை நேர்கோடாக ஓடுகிறது, அந்தக் கரை கையின் கீழ் ஓரத்தில் வந்து உட்கார வேண்டும். டூலிப் கையில் கீழ் ஓரம் வளைவாக இருப்பதால் கரை அறுபட்டுப் போகும். பெல் கையிலும் அதே. வட்டமாக விரிந்த ஓரத்தில் நேர்க்கரையை எப்படிப் பிடித்தாலும் சுருக்கம் விழும். பஃப் கைக்கு இந்தத் தொந்தரவு இல்லை, ஏனென்றால் தோள்பக்கத்தில் மட்டும் வெட்டி விரித்தால் போதும், கீழே கோடு நேராகவே நிற்கும். ஆகவே புர்டாவைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது கையின் கீழ்க்கோடு நேராக இருக்கிறதா என்பதை. நேராக இருந்தால் திருபுவனம் பட்டுக்கு ஆகும், வளைந்திருந்தால் டிசைனர் புடவைக்கும் கரை இல்லாத பிளவுஸ் துணிக்கும் வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு சோதனையை எந்தப் பத்திரிகையும் சொல்லித் தராது.

குழந்தைகள் உடுப்பும் புர்டாவில் நன்றாக வரும். அவர்கள் சைஸ் எண்ணே குழந்தையின் உயரம்தான், 104 என்றால் 104 சென்டிமீட்டர். "அஞ்சு வயசுப் பிள்ளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போகும் பாட்டிகளிடம் வயதைக் கேட்காமல் சுவரில் நிறுத்தி உயரம் எடுக்கச் சொல்ல இது நல்ல சாக்கு.

குறைகளும் உண்டு. செய்முறைக் குறிப்பு கஞ்சத்தனமாக இருக்கும், ஏற்கெனவே தைக்கத் தெரிந்தவருக்குத்தான் புரியும். முழு வருஷ சந்தா நமக்குத் தண்டம், ஏனென்றால் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை கோட்டும் ஜாக்கெட்டும்தான். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் உள்ள இதழ்களைத் தனித்தனியாக வாங்குங்கள். பருத்தி, லினன், கை இல்லாதது, தொளதொள என்று நம் வெயிலுக்கு ஏற்றவை எல்லாம் அந்த மாதங்களில்தான். பழைய இதழாக இருந்தாலும் பரவாயில்லை, வெட்டுக்கு வயதாகாது.

ஜப்பான் புத்தகங்கள்

தைக்கிறவர்கள் நடுவில் ஜப்பான் இதழ்களுக்கு ஒரு தனி மரியாதை இருக்கிறது, அது நியாயமானதுதான். கென்ஸோ டகாடாவும் யோஜி யமாமோட்டோவும் படித்த டோக்கியோவின் புன்கா கல்லூரியைச் சேர்ந்த பதிப்பகம் 1936 முதல் 'ஸோ-என்' என்ற இதழை நடத்துகிறது. அது பார்க்கிற புத்தகம். நமக்கு வேண்டியது அதே பதிப்பகத்தின் 'மிஸஸ் ஸ்டைல் புக்'. இதில் வெட்டுத்தாளை நம்பி வாங்காதீர்கள், பெரும்பாலும் வரைபடம்தான். சின்னக் கட்டத்தில் முழு டிராஃப்டிங் (அளவு வைத்து வெட்டுக்கோடு வரைவது) போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் சென்டிமீட்டரில் எண் எழுதியிருக்கும். சம அளவுகளை வட்டம், முக்கோணம் போட்டுக் காட்டியிருப்பார்கள். ஜப்பானிய எழுத்து ஒன்று தெரியாவிட்டாலும் டிராஃப்டிங் தெரிந்தவருக்குப் புரியும். மிச்சத்துக்கு போன் கேமராவில் மொழிபெயர்ப்பைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அடிப்படை ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா வரைபடமும் புன்காவின் அடிப்படை பிளாக்கின், அதாவது டிசைன் எதுவும் சேராத மூல வெட்டின், மேல் போட்டவை. அந்த பிளாக்கின் அகலம் மார்பளவில் பாதி, அதோடு 6 சென்டிமீட்டர். மார்பு 88 என்றால் 44, அதோடு 6, மொத்தம் 50. இது பாதி உடம்புக்கு. முழுசாகப் பார்த்தால் 12 சென்டிமீட்டர், ஏறக்குறைய 4¾ இன்ச் லூஸ். நம் பிளவுஸுக்கு ஒரு இன்ச் லூஸ் விடுவோம், மிஞ்சினால் இரண்டு. அதனால் ஜப்பான் வரைபடத்தை வைத்து பிளவுஸ் வெட்ட வேண்டாம். குர்தி, கேசுவல் டாப், நைட் டிரஸ், வீட்டில் போடும் தளர்வான காட்டன் உடுப்பு, இதற்கெல்லாம் இதைவிட நல்ல புத்தகம் கிடையாது. உடம்பில் ஒட்டாமல் காற்று போகிற மாதிரி வெட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். சித்திரை வைகாசியில் அந்த அருமை தெரியும்.

புர்டாவா, ஜப்பானா என்றால்? டிராஃப்டிங்கில் கை தேர்ந்தவருக்கு ஜப்பான். வெட்டில் இன்னும் தயக்கம் இருப்பவருக்குப் புர்டா, ஏனென்றால் அதில் கணக்கு ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். பிளவுஸ் வேலை அதிகம் என்றால் கைகளுக்காகப் புர்டா. குர்தி வேலை அதிகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஜப்பான்.

மற்றவை

லண்டனின் ஐ-டி, த ஃபேஸ் இரண்டும் 1980-ல் தொடங்கியவை, தெருவில் இளைஞர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று காட்டின. டோக்கியோவில் ஷோய்ச்சி ஆவோக்கி 1997 முதல் ஹராஜுகு தெருவில் போகிற பிள்ளைகளைப் படமெடுத்து 'ஃப்ரூட்ஸ்' என்று போட்டார். படமெடுக்க இனி ஆள் இல்லை என்று 2017-ல் நிறுத்திவிட்டார். பார்க்க மிக சுவாரஸ்யம், கடைக்குப் பயன் கம்மி. அந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தை மாத முகூர்த்த நாளில் ஒப்பிலியப்பன் கோயில் வாசலில் அரை மணி நேரம் நின்றால், இந்த வருஷம் கழுத்து ஏறுகிறதா இறங்குகிறதா, கை முழங்கை வரைக்கும் வந்துவிட்டதா, ஆரி ஒர்க் குறைகிறதா என்று எந்தப் பத்திரிகையையும்விடத் தெளிவாகத் தெரிந்துவிடும். யாரையும் கேட்காமல் படம் மட்டும் எடுக்காதீர்கள்.

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு வோக் அரேபியாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2016-ல் இணையத்தில் தொடங்கி 2017 மார்ச்சில் அச்சுக்கு வந்தது. அந்த முதல் அட்டையில் ஜீஜி ஹடீத் மணி கோத்த முகத்திரையோடு இருந்தார், முதல் ஆசிரியர் சவூதி இளவரசி தீனா அல்ஜுஹானி அப்துல்அஸீஸ். வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளில் அபாயா, கஃப்தான் பற்றிய ரசனை நம்மைவிட முன்னால் இருக்கும். துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடும், இங்கே தைக்கச் சொல்வார்கள். அந்தக் கடைகளுக்கு வோக் இந்தியாவைவிட அரேபியாதான் அர்த்தமுள்ளது. வெட்டு அதிலும் கிடையாது. தளர்வான வெட்டுக்குப் பழையபடி ஜப்பான் வரைபடத்துக்குத்தான் வர வேண்டும்.

துணியைப் பற்றியே படிக்க வேண்டும் என்றால் லண்டனிலிருந்து வரும் 'செல்வெட்ஜ்'. நெசவு, சாயம், எம்பிராய்டரி என்று இந்திய விஷயங்கள் அடிக்கடி வரும். முல்க் ராஜ் ஆனந்த் 1946-ல் தொடங்கிய மும்பை 'மார்க்' இதழில் இந்திய ஜவுளி பற்றி ஆழமான கட்டுரைகள் உண்டு. புடவை வியாபாரமும் சேர்த்துச் செய்பவர்கள் இவற்றைப் பார்க்கலாம், தையல் மட்டும் என்றால் அவசியமில்லை. ஆண்கள் பத்திரிகைகளை விட்டுவிடுகிறேன். டெல்டாவில் ஜென்ட்ஸ் டெய்லர் கடைக்கு வருகிறவர் பத்திரிகை பார்த்துத் தைக்கக் கொடுப்பதில்லை, போன தடவை தைத்த மாதிரியே கேட்பார்.

கவுண்ட்டருக்கு

வாடிக்கையாளர் புரட்டுவதற்கு வெளிநாட்டு இதழே வேண்டாம். எல் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், மரியாதைக்கு நாலு பக்கம் புரட்டிவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் அவள் விகடனை எடுத்துக்கொள்வார்கள். அதில் படிக்க ஏதாவது இருக்கும். டிசைன் தேர்வுக்கு, தையல் சாமான் கடைகளில் கிடைக்கும் பிளவுஸ் டிசைன் புக்தான் வேலைக்கு ஆகும். அச்சு சுமார், நிறம் அடிக்கும், ஆனால் முதுகுப்பக்கப் படம் இருக்கும். பைப்பிங் எங்கே, நாட் எங்கே, குஞ்சம் எங்கே என்று விரல் வைத்துக் காட்டலாம். அதைவிட நல்லது நீங்கள் தைத்ததையே படமெடுத்து ஆல்பம் போடுவது. "இது போன ஆவணியில நீடாமங்கலத்துப் பொண்ணுக்குத் தச்சது" என்று சொன்னால் வருகிற நம்பிக்கை எந்த அட்டைப்படத்திலும் வராது.

வாங்காமல் பார்க்க

வோக், எல், பஜார் இந்தியப் பதிப்புகளைச் சந்தா இல்லாமல் பார்க்க ஒரு வழி எழும்பூர் கன்னிமாரா நூலகம். 1954-ஆம் வருஷச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் புத்தகம், பத்திரிகைகளின் பிரதி போய்ச் சேர வேண்டிய நூலகங்களில் அதுவும் ஒன்று. துணி எடுக்கவோ சாமான் வாங்கவோ எப்படியும் தி.நகருக்குப் போகிறோம். காலையில் கடைகள் திறப்பதற்குள் அங்கே உட்கார்ந்து சில இதழ்களைப் பார்த்துவிடலாம். இன்னொரு வழி, பல பத்திரிகைகளை ஒரே கட்டணத்தில் படிக்க விடும் மேக்ஸ்டர் மாதிரிச் செயலி. ஒரு மாதம் மட்டும் கட்டி, பங்குனியில் கல்யாண இதழ்களை எல்லாம் ஒரேயடியாகப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

இலவசமாக ஒரு புதையலும் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1867 முதல் 1900 வரையிலான ஹார்பர்ஸ் பஜார் இதழ்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. பழசு என்று ஒதுக்காதீர்கள். அந்தக் காலத்து மேல்சட்டை உடம்போடு ஒட்டி நிற்பது. நம் பிளவுஸும் அப்படித்தான். நாம் பிரின்சஸ் கட் என்று தைப்பதே 1870-களில் ஐரோப்பாவில் பிரபலமான வெட்டுதான். முதுகு பேனல்களை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பெரிதாக்கிப் பாருங்கள், இன்றைய வோக்கில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

இப்போது கடைக்குக் கடை சொல்கிறேன். மன்னார்குடிக் கடைக்கு: வோக் சந்தா வேண்டாம். அந்தக் காசில் புர்டாவின் கோடை இதழ்கள் மூன்று நாலு, டிராஃப்டிங் பழகிய பிறகு ஒரு மிஸஸ் ஸ்டைல் புக். இரண்டுமே இறக்குமதி என்பதால் விலை கூடத்தான் இருக்கும், பழைய பிரதி கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். கும்பகோணத்தில் முழுக்க முழுக்க கல்யாண வேலை எடுக்கும் பெரிய கடை என்றால், இந்திய எல் அல்லது வோக் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. வெளிநாட்டிலிருந்து கல்யாணத்துக்கு வரும் பெண்கள் பேசும் பாஷை அதில்தான் இருக்கிறது, ஒரு முகூர்த்தப் பிளவுஸின் ஆரி ஒர்க் கூலியில் அந்தச் சந்தா அடங்கிவிடும். வீட்டில் ஒரே மெஷினோடு தைப்பவர் எதற்கும் சந்தா கட்ட வேண்டாம். கார்னெல் இதழ்களும் கோயில் வாசலும் டிசைன் புக்கும் போதும்.

புர்டா அச்சு இதழ் மழைக்காலத்துத் தபாலில் நனைந்து வரும் என்று பயந்தால், வேண்டிய பேட்டர்னை மட்டும் அவர்கள் தளத்திலேயே பிடிஎஃபாக வாங்கலாம். வீட்டு பிரிண்டரில் ஏ4 தாளில் எடுத்து ஒட்டிக்கொண்டிருக்காதீர்கள், கோடு கோணிவிடும். கட்டட பிளான் பிரிண்ட் போடும் கடையில் கொடுத்தால் பெரிய தாளில் ஒரே துண்டாக எடுத்துத் தருவார்கள். "தாளுக்குத் தகுந்த மாதிரிச் சுருக்காதீங்க, நூறு சதவீதத்திலேயே எடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிடிஎஃபில் அளவு சரிபார்க்க ஒரு சதுரம் இருக்கும். காசு கொடுப்பதற்கு முன் டேப்பை வைத்து அதை அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.